மாத்திரை போட்டவர்

காலையில் நான் போகும்போது மண்டிக்காரர் குளித்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி அவர் உள்ளங்கையில் போடுவேன். வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார்.

"வாயத் தெறங்க."

திறப்பார்.

"நாக்கத் தூக்குங்க."

தூக்குவார். கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருக்கிறாரா என்றும் பார்க்கும்படி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பார்ப்பேன். பார்க்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பார்ப்பேன்.

"வாய் வலிக்குது தம்பி."

"இன்னும் பாக்கலீங்க."

பெற்ற பிள்ளைகூடச் செய்யாததை இவன் செய்கிறான் என்று ஊரில் என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அம்மா தண்ணீர்க் குழாயடிக்குப் போனால் அங்கேயும் அதே பேச்சு. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவருக்கு நல்லது நடக்கட்டும் என்று நான் போகவில்லை.

பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தையில் அவருக்கு ஒரு மண்டி இருந்தது. என் அப்பா அங்கே லோடுகாரர். டிராக்டரில் வரும் தக்காளிப் பெட்டிகளை இறக்கி அடுக்குவார்; ஏலம் முடிந்ததும் வெளியூர் லாரியில் ஏற்றுவார். விலை ஏறிய நாளில் மண்டிக்காரர் லோடுகாரர்களைக் கூப்பிட்டு ஊற்றிக்கொடுப்பார். விலை விழுந்த நாளிலும் ஊற்றுவார், மனசு ஆறட்டும் என்று. ஏறாமலும் விழாமலும் இருந்த நாட்களில் அவர்களே வாங்கிக் குடித்தார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த வாரம் அப்பா சொன்னார்: "அந்தக் குடிய நிறுத்துற ஆஸ்பத்திரிக்கு என்னையக் கூட்டிக்கிட்டுப் போடா. உன் காலேஜுக்கு நான் ஒரு நாளாவது நேரா நடந்து வரணும்."

அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் உட்காரும் அறைக்குப் பக்கத்து அறைதான் அது. படுக்கை கிடையாது. வந்து, பேசி, மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். சுவரை ஒட்டிய பெஞ்சில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் அவரவர் மனைவிமார், ஆளைத் தப்பவிடாமல் பையைப் பிடித்த மாதிரி சட்டை முனையைப் பிடித்துக்கொண்டு.

முதல் நாள் எங்களுக்கு முன்னால் இருந்த இண்டூர்க்காரர் ஒருவர் அலுத்துக்கொண்டார். "கடையிலகூட இம்மா நேரம் நிக்க வெச்சதில்லப்பா."

அவர் மனைவி சொன்னார்: "அங்க நீ எங்க நின்ன? வுழுந்துதான கெடந்த."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். கை நடுங்கினாலும் சிரித்தார்.

அங்கே ஆலோசனை சொல்லும் அம்மா எங்களிடம் தெளிவாகச் சொன்னார். இந்த மாத்திரை உடம்பில் இருக்கும்வரை ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. பட்டால் முகம் சிவந்து, மூச்சு முட்டி, வாந்தி எடுத்து, உயிருக்கே ஆபத்தாகும். தெரிந்தும் சம்மதித்தால்தான் தருவோம் என்றார். அப்பா சம்மதித்தார். நான் தினமும் மாத்திரை கொடுத்து வாயைப் பார்த்தேன். தக்காளி விலை ஏறி, விழுந்து, குப்பையில் கொட்டி, மறுபடியும் ஏறும்வரை அப்பா குடிக்காமல் இருந்தார். என் கல்லூரிக்கு நேராக நடந்து வந்தார். கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளர் தளும்பவில்லை.

எங்கள் பக்கத்தில் மாலை போட்டவனுக்கு எவனும் ஊற்ற மாட்டான். குடிக்கிறவர்களே, "நீ தள்ளிப் போய் உக்காரு சாமி" என்று அனுப்பிவிடுவார்கள். தீர்த்தமலைக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தேன் என்று சொன்னாலும் விட்டுவிடுவார்கள். சாமி குத்தத்துக்குப் பயம். மாத்திரைக்கு அந்த மரியாதை கிடையாது. அது கழுத்தில் தொங்குவதில்லை.

கல்லூரி விடுமுறையில் ஒரு நாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். அன்றைக்குத் தக்காளி நல்ல விலைக்குப் போயிருந்தது. மண்டிக்குள் மண்டிக்காரர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரும் நிதானத்தில் இல்லை. அப்பா மட்டும் பெட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்.

"ஏன்டா, எங்கூட்டுச் சரக்கு உனக்கு ஆவாதா?"

"வேணாங்க மொதலாளி. மாத்திரை போட்டிருக்கேனுங்க."

"மாலையா போட்டிருக்க? மாத்திரைதான. தெற வாய."

அப்பாவின் தாடையை இடது கையால் பிடித்து அழுத்தினார். இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் சோற்றுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடுவதற்குள் ஊற்றி முடித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் முகமும் கழுத்தும் பழுத்த தக்காளி நிறத்துக்கு வந்தன. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெட்டிகள்மேல் சாய்ந்தார். வாந்தி எடுத்தார். அவர் நடிக்கிறார் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். மண்டிக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். ஆட்டோவில் தூக்கிப் போட்டு நான்தான் கொண்டுபோனேன்.

அப்பா பிழைத்தார். ஆனால் யார் ஊற்றினார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை, என்னையும் சொல்லவிடவில்லை. "கூட்டத்துல சிரிச்சுட்டாங்கடா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெஞ்சில் அதற்குப் பிறகு அவர் உட்காரவே இல்லை. மறுபடியும் குடித்தார். வயிறு வீங்கிச் செத்தார்.

சாவுக்கு மண்டிக்காரர் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். அப்பா கழுத்தில் போட்டார். அம்மாவின் முன்னால், ஊரே கேட்கும்படி சொன்னார்: "எத்தன தடவ சொன்னேன், குடிக்காதடா குடிக்காதடான்னு. கேட்டானா?"

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். மண்டியில் நடந்ததை நான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஆனால் ஊர் மண்டிக்காரரைத்தான் நம்பியது. அன்றிலிருந்து அப்பா, எவ்வளவு சொல்லியும் கேட்காமல் குடித்துச் செத்தவன். மண்டிக்காரர், புத்தி சொன்னவர்.

சில வருடங்கள் போயின. நான் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க மாதாமாதம் அதே மருத்துவமனைக்குப் போவேன். ஒரு தடவை அந்தப் பெஞ்சில் மண்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். துண்டால் பாதி முகத்தை மூடியிருந்தார். கை நடுக்கம் துண்டு வழியாகத் தெரிந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே ஆலோசனை சொல்லும் அந்த அம்மா பேசுவது எனக்குக் கேட்டது.

"மாத்திரை தரலாங்க. தினமும் பக்கத்துல இருந்து கொடுக்க ஒரு ஆள் வேணும். வீட்டுல யாரு இருக்காங்க?"

"சம்சாரம் பையனோட ஓசூருக்குப் போயிட்டாளுங்க. போன் பண்ணா பையன் எடுக்கறதில்லீங்க."

"அக்கம்பக்கத்துல யாராவது?"

அவர் திரும்பிப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. "நம்ம லோடுகாரன் மவன் இருக்கானுங்க. நம்ம பையன்தான்."

நம்ம பையன் என்றதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் உள்ளே போய், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

வீட்டில் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "அவன் செத்தா நமக்கென்ன, பொழைச்சா நமக்கென்ன?"

"பொழைக்கணும்மா. குடிகாரன்கிட்ட என்னத்தக் கேக்கறது? போதையில கெடக்கறவனுக்கு எதுவும் ஒறைக்காது. தெளியட்டும். தெளிஞ்சப்புறம், அன்னைக்கு என்ன பண்ணுனாருன்னு அவரு வாயாலயே உங்கிட்டச் சொல்லணும்."

மறுநாள் அம்மா என்னைச் சீக்கிரம் எழுப்பிவிட்டார்.

எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்காக ஒரு காலைகூடத் தவறாமல் போனேன். மழையிலும் போனேன். அவருடைய பங்காளி வீட்டுக் கிடா வெட்டுக்குக் கூடவே போய், பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். ஒருவர் டம்ளரை நீட்டியபோது வாங்கிக் கீழே கொட்டினேன். "காவக்காரன் போட்டிருக்கியா?" என்று அவரைக் கேலி செய்தார்கள். அந்த ஒரு டம்ளர் அவர் தொண்டைக்குள் போயிருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நினைத்துப் பார்த்தேன், நினைக்க நன்றாகவே இருந்தது. ஆனால் வாந்தி எடுத்துவிட்டு மறுபடியும் எல்லாவற்றையும் மறந்துவிடுவாரே. அதனால்தான் கொட்டினேன்.

ஆரம்பத்தில் ஒரு நாள் நேராகவே கேட்டேன். "எங்கப்பாவுக்கு மண்டியில ஊத்துனது நெனப்பு இருக்குதுங்களா?"

"எத்தனையோ பேருக்கு ஊத்தியிருக்கேன் தம்பி. யாரக் கண்டேன்?"

பொய்யில்லை. உண்மையாகவே அவர் நினைவில் அது இல்லை. அன்றைக்கு வாயைத் திறக்கச் சொன்னவன், மூடச் சொல்ல நெடுநேரம் மறந்துபோனேன்.

மெல்ல மெல்ல அவருக்குத் தெளிந்தது. கை நடுக்கம் நின்றது. பேப்பர் படித்தார். ஓசூரிலிருந்து ஒரு தடவை மகன் போன் செய்தான். அதை என்னிடம் சொல்லி அழுதார். நான் மாத்திரை அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை பிறந்தது. பழைய மண்டியிலிருந்து லோடுகாரர் ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை. மண்டிக்காரர் அந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இவர் காதில் எதுவும் விழவில்லை.

மறுநாள் காலையில் மாத்திரையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். போடவில்லை.

"உங்கப்பன் எங்கிட்டச் சொன்னான் தம்பி. மாத்திரை போட்டிருக்கேன்னு. மாலையா போட்டிருக்கன்னு கேட்டேன்."

இந்த வார்த்தைகளை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

"தெரிஞ்சுதான் ஊத்துனீங்களா?"

"வாந்தி எடுப்பான்னு தெரியும். எங்க பங்காளி ஒருத்தன் எடுத்ததப் பாத்திருக்கேன். அதுக்கோசரம்தான் ஊத்துனேன். வேடிக்க பாக்கறதுக்கு."

தெரியாமல் செய்துவிட்டாரோ என்று இத்தனை வருஷமும் எனக்குள் ஒரு மூலையில் ஒரு சந்தேகம் இருந்தது. அதுவும் போனது.

அவர் மாத்திரையை என் பக்கம் நீட்டினார். "இது வேணாம் தம்பி. நிறுத்திடலாம். இத நெனச்சுக்கிட்டு என்னால உக்காந்திருக்க முடியாது. ஒரே ஒரு வாய் போட்டாத்தான் தூக்கம் வரும்."

"தூக்கம் வர வேணாங்க," என்றேன். "ஆனா கட்டாயம் ஒண்ணும் இல்ல. நாளைக்கு எங்கூட்டுக்கு வந்து இத எங்கம்மாகிட்டச் சொல்லுங்க. மாத்திரை அங்க இருக்கும். வரலைன்னா நான் இனிமே வர மாட்டேன். ஆஸ்பத்திரில வேற ஆளப் பாத்துக்கச் சொல்றேன்."

அவருக்கு வேறு ஆள் இல்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மறுநாள் வந்தார். தெருவில் எல்லோரும் பார்க்கத் துண்டு இல்லாமல் நடந்து வந்தார். வாசலில் அம்மா ராகி மாவு சலித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களைப் போகச் சொல்லலாமா என்பது போல மண்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை.

சாவு வீட்டில் உரக்கப் பேசிய அதே குரல்தான். இப்போது மெதுவாக வந்தது. மாத்திரையைச் சொன்னார், மாலையைச் சொன்னார், தாடையைப் பிடித்ததைச் சொன்னார். வேடிக்கை பார்க்க என்று சொல்லும்போது நின்றுவிட்டார். அம்மா சலிப்பதை நிறுத்தவில்லை. "ம், சொல்லு" என்றார். சொன்னார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கேட்டார்: "அப்ப அவரு தானா குடிக்கலையா?"

"இல்லீங்க," என்றார் மண்டிக்காரர்.

அம்மா சல்லடையைக் கீழே வைத்து, மாவுக் கையை முந்தானையில் துடைத்தார். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். என் கையிலிருந்த அட்டையைத் தானே வாங்கி ஒரு மாத்திரையைப் பிதுக்கினார். மண்டிக்காரர் கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினார்; அந்தக் கையைப் பிரித்து அதில் மாத்திரையை வைத்தார்.

அவர் விழுங்கினார்.

"வாயத் தெற," என்றார் அம்மா. "நாக்கத் தூக்கு."

என்னைவிட அதிக நேரம் பார்த்தார்.

"நாளைக்கும் இங்கியே வா."