தம்பியும் பச்சைக் கப்பும்

என் தம்பிக்குத் தண்ணீர் என்றால் ஆகாது என்று எங்கள் தெருவே முடிவு கட்டியிருந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. ஆறு கிடையாது. கண்மாய், வருடத்தில் பத்து மாதம் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதற்குத்தான் பயன்பட்டது. நீச்சல் தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. ஆனாலும் பிள்ளையைக் குளிப்பாட்டியாக வேண்டுமே.

அவனுக்கு அப்போது ஏழு மாதம். எனக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அம்மாவை வேலைக்கு ஏற்றிப்போகும் வேனின் டிரைவர் தன் செல்போனில் வரும் பெயர்களைப் படிக்கச் சொல்லி என்னைத்தான் கூப்பிடுவார். அந்தத் திமிர் எனக்கு நிறைய உண்டு.

அம்மா பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். காலை வேனில் போனால் பொழுது சாயத்தான் வருவாள். இறங்கியதும் யாரோடும் பேச மாட்டாள். கையும் முகமும் வெள்ளி பூசினதுபோல மினுங்க, நேரே கொல்லையில் இருந்த ஓலைத் தட்டிக்குப் பின்னால் போய்விடுவாள். மருந்து பட்ட உடம்போடு பிள்ளையைத் தொடக் கூடாது, அடுப்பிடம் போகக் கூடாது. சோப்புப் போட்டு, ஊற்றி, மறுபடி போட்டு, மறுபடி ஊற்றி, மினுமினுப்பு போன பிறகுதான் வெளியே வருவாள். அதுவரை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தட்டிக்கு இந்தப் பக்கம் நிற்பது என் வேலை. அவனுக்குப் பால் பசி. தட்டியைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுவான். பிள்ளை என்றால் அழத்தானே செய்யும் என்று நான் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு நிற்பேன்.

பகலில் அவனைப் பார்த்துக்கொண்டவள் அத்தை, வெளியூரில் வேலைக்குப் போயிருந்த அப்பாவின் அக்கா. அடுத்த வீடுதான். அத்தை காலை நீட்டி அவனைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்க்கும்வரை சிரித்துக்கொண்டே கிடப்பான். பச்சை பிளாஸ்டிக் கப்பால் டிரம்மில் தண்ணீர் மோந்தால் போதும், ஒரு சொட்டு மேலே படும் முன்பே அலறத் தொடங்குவான். அலறி, மூச்சை அடக்கி, உதடெல்லாம் நீலம் பாரித்துவிடும். அத்தை திருநீறு மந்திரித்துப் பூசினாள். இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டினாள். பயம் தெளியட்டும் என்று ஒருநாள் அவன் முகத்தில் ஒரு கை தண்ணீரை அள்ளி அடித்தாள். தண்ணீருக்குப் பயப்படும் பிள்ளைக்குத் தண்ணீரையே வைத்தியமாகக் கொடுப்பது அந்த வயதிலேயே எனக்குக் கொஞ்சம் இடித்தது.

காலாண்டு லீவு தொடங்கிய சமயம், ஒருநாள் மூச்சை அடக்கியவன் அப்படியே துவண்டுவிட்டான். அத்தை முதுகைத் தட்டி, முகத்தில் ஊதித்தான் அவனை மறுபடி அழவைத்தாள். அன்று சாயங்காலம் அம்மா தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எந்தம்பிக்கு நான் என்னத்தச் சொல்ல? ஒம்பிள்ளைய நீயே வச்சுக்கோ தாயி.”

“சீசன் நேரம் மதினி. இப்ப நின்னா வேற ஆளப் போட்டுருவாக.”

“அப்ப இவள நிறுத்து. இவ படிச்சு எந்தக் கலெக்டரு ஆபீசத் தொறக்கப் போறா?”

அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “தீவாளி வரைக்குந்தான்டி.”

அந்த வார்த்தைக்கு எங்கள் தெருவில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டு அக்கா ஆறாம் வகுப்பில் தீபாவளி வரைக்கும் என்றுதான் நின்றாள். மூன்று தீபாவளி போயிருந்தது. அம்மாவோடு அதே வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தாள்.

லீவில் ஆறு நாள் மிச்சம். அதற்குள் தம்பியைத் தண்ணீருக்குப் பழக்கிவிட்டால் அத்தை அவனை வைத்துக்கொள்வாள், நான் பள்ளிக்கூடம் போகலாம்.

முதல் நாள், சாப்பிடுகிற தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அவன் முன்னால் வைத்தேன். பயந்து அலறுவான் என்று பார்த்தால் பளார் பளார் என்று அடித்து என்னை நனைத்துவிட்டு, குனிந்து நக்கிக் குடிக்கவும் பார்த்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் தட்டில் தண்ணீர் தீர்ந்துபோக, அவன் பின்னால் இருந்த டிரம்மில் கப்பை முக்கினேன். ‘களக்’ என்றது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே வாயைப் பிளந்து அழ ஆரம்பித்துவிட்டான்.

விஷயம் கப்பில்தான் இருக்கிறது என்று பிடித்துவிட்டேன். எங்கள் அறிவியல் புத்தகத்தில் இப்படித்தான் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கச் சொல்லியிருந்தது.

அடுத்த நாள் அகலமான அலுமினியப் பேசினில் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்தேன். சூடு இதமாக ஏறியதும் அவனை அதில் உட்காரவைத்து, ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அள்ளி அள்ளி விட்டேன். இடுப்பளவு தண்ணீரில் ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருந்தான். அத்தை சத்தம் காட்டாமல் வந்து பார்த்துவிட்டு, மூக்கில் விரலை வைத்தாள்.

“ஏட்டி, எங்கனடி படிச்ச இத?”

“பள்ளிக்கூடத்துல,” என்றேன். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

அன்று சாயங்காலம் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று அம்மாவிடம் கத்திச் சொன்னேன். “எம்மா, தம்பிக்குத் தண்ணிப் பயமே இல்ல. கப்பு சத்தந்தான்! கேட்டதும் அழுதுருதான், இப்ப அழுதாம் பாரு!”

தட்டிக்கு அந்தப் பக்கம் கப்பின் சத்தம் நின்றுபோனது. கண்ணில் சோப்புப் பட்டுவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்தபோது கண்ணும் சிவந்துதான் இருந்தது.

லீவு முடிந்து நான் பள்ளிக்கூடம் போனேன். அந்த வாரத்திலிருந்து அம்மா கம்பெனித் தொட்டியிலேயே குளித்துவிட்டு வரத் தொடங்கினாள். எல்லோருக்கும் முன்னால் வேலையை முடித்து, வேன் ஆரன் அடிப்பதற்குள் ஓடிக் குளித்து, ஈரத் தலையோடு காற்றில் வருவாள். ஐப்பசி முழுக்க இருமினாள்.

“கிறுக்கு பிடிச்சிருக்கா? வீட்ல வந்து குளிச்சா என்ன?” என்று அத்தை வைதாள்.

“இங்கன தண்ணிக்குத் தட்டுப்பாடால்ல இருக்கு மதினி,” என்றாள் அம்மா. சரிதான் என்று எனக்கும் பட்டது. டிரம்மில் தண்ணீர் இரண்டு நாள் கூடுதலாக வந்தது.

மதுரையில் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரம், பக்கத்துக் குளியலறையில் யாரோ வாளியில் கப்பை முக்கினார்கள். களக். சோப்புக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன். மாதக்கணக்காக, ஒவ்வொரு சாயங்காலமும் அந்தச் சத்தம் கேட்டபோதெல்லாம் அம்மா எட்டடி தூரத்தில் இருந்தாள், ஆனால் அவனைத் தூக்கவில்லை. கண்டுபிடித்தது நான், அதைப் புரிந்துகொண்டவள் ஒரு எழுத்துகூடப் படிக்காத அவள்.

அந்த ஐப்பசிச் சாயங்காலங்களில் வேன் வந்து நிற்கும். அம்மா படியில் கால் வைக்கும்போதே கையை நீட்டுவாள். தம்பி என் இடுப்பிலிருந்து தாவுவான். அவள் முடியிலிருந்து அவன் நெற்றியிலும் கண்ணிலும் தண்ணீர் சொட்டும். அவன் சிரிப்பான். நான் அத்தையின் பக்கம் திரும்பிப் பெருமையோடு சொல்லுவேன்:

“பாத்தீகளா அத்த, எம்புட்டுத் தண்ணி படுது! அழுதானா?”