சித்தி என்று கூப்பிடச் சொன்னவள்

மண்ணூர் பெனிட்டா பிழைத்துக்கொள்வாள் என்று அவளைத் தவிர எல்லோரும் நம்பினார்கள். டாக்டர் நம்பினார். கணவன் ஜெபர்சனும் நம்பினான்; நம்புவதைத் தவிர வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. மகள் ஜெமிமாவுக்கு ஒன்றேகால்.

கட்டி முதலில் தட்டுப்பட்டது குழந்தை பிறந்த ஆறாவது மாதம், இரண்டாயிரமாவது ஆண்டின் தொடக்கத்தில். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் கார்களுக்கான ஒயர்க் கட்டுகள் செய்யும் கம்பெனியில் அவள் மறுபடி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எட்டு மணி நேரம் பலகையின் முன் நின்று ஒயர்களைச் சேர்த்து டேப் சுற்ற வேண்டும். மதியத்துக்குள் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிடும். லைனில் இருந்த மூத்த பெண்கள் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டச் சொன்னார்கள், பால் வற்றிவிடுமாம். கட்டினாள். வற்றியது. இடது பக்கத்தில் மட்டும் சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று நின்றுவிட்டது. வற்றாத பால் உறைந்து கிடக்கிறது, ஒத்தடம் கொடுத்தால் கரையும் என்றார்கள். எட்டு மாதம் ஒத்தடம் கொடுத்தாள். அது எலுமிச்சை அளவுக்கு வந்தபிறகுதான் ஜெபர்சன் லீவு போட்டுவிட்டு அவளைக் காஞ்சிபுரத்துக்கு, புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு, அழைத்துப் போனான்.

நவம்பரில் மார்பை எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள். அந்த மாதங்களில் ஜெமிமாவை வைத்துக்கொண்டவள் அக்கா கிரேசி. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் அவள் வீடு. அவள் கணவர் சாலமோன் ஸ்டேஷனிலிருந்து ஒரகடம் வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினார். கல்யாணமாகி ஒன்பது வருடம்; அவர்களுக்குக் குழந்தை இல்லை.

மூன்றாம் முறை மருந்து ஏற்றப் போயிருந்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்த செய்யாறுப் பெண் இறந்துபோனாள். அவளுடைய நாலு வயது மகள் வராந்தாவில் நின்று அம்மா, அம்மா என்று கத்தியது. யார் தூக்கினாலும் திமிறிக்கொண்டு இறங்கியது. பெனிட்டா அதைப் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். தன் மகள் இப்படிக் கத்தக் கூடாது என்று அன்று முடிவு செய்தாள். குழந்தை அழும்போது தேடுவது அம்மா என்ற ஒருத்தியைத்தானே? உயிரோடு இருக்கப்போகிற ஒருத்தியை அந்த இடத்தில் இப்போதே உட்கார வைத்துவிட்டால் தேடலே இருக்காது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பயத்தில் யோசிக்கிறவர்களின் கணக்கு பெரும்பாலும் நியாயமாகத்தான் இருக்கும்.

ஜெமிமா இனி உன்னைத்தான் அம்மா என்று கூப்பிட வேண்டும் என்றபோது கிரேசி ஒத்துக்கொள்ளவில்லை.

"நீ இன்னும் சாவலடி," என்றாள்.

பெனிட்டா அழுதாள், காலைப் பிடித்தாள், கடைசியில் சாப்பிட மறுத்தாள். கிரேசி இறங்கி வந்தாள். அதன்பிறகு அக்கா வீட்டில் தங்கியிருந்த நாட்களில், ஜெமிமா தாவி வந்து அம்மா என்றால் பெனிட்டா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சித்தி என்றால் கையில் பிஸ்கெட் கிடைக்கும். கிரேசியைக் காட்டி அம்மா என்றால் இன்னொன்று. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இரண்டு வாரம் போதுமானதாக இருந்தது.

ஜெபர்சன் மட்டும் தன் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் அந்தக் குழந்தைக்கு ஜெபர்சன் அப்பா, கிரேசி அம்மா, பெனிட்டா சித்தி, சாலமோன் பெரியப்பா என்று ஆயிற்று. சர்ச் வாசலில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஞானம்மா என்ற ஒருத்தி ஜெபர்சனை நிறுத்தி, "இன்னா தம்பி, அப்பா ஒரு வூட்ல, அம்மா ஒரு வூட்லயா?" என்று கேட்டாள். அந்த வாரத்திலிருந்து அவன் சர்ச்சுக்குப் போவதை நிறுத்திவிட்டான்.

பெனிட்டா சாகவில்லை. முடி வளர்ந்தது. இரண்டாயிரத்து இரண்டில் அதே கம்பெனியில், உட்கார்ந்து சரிபார்க்கும் வேலை கொடுத்தார்கள். மகளை அழைத்து வந்துவிடலாம் என்று ஜெபர்சன் சொன்னான். அடுத்த செக்கப் முடியட்டும் என்றாள். அது முடிந்தது, அதற்கடுத்தது முடியட்டும் என்றாள். நோய் திரும்பி வந்தால் குழந்தை இரண்டாவது தடவை அல்லாட வேண்டியிருக்கும் என்பது அவள் வாதம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நல்ல செய்தியோடு வீடு திரும்பினாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மகளைத் தள்ளிப்போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீபெரும்புதூர் போய் பஸ் மாறி, ஒரகடத்தில் எழும்பிக்கொண்டிருந்த காம்பவுண்டுச் சுவர்களைப் பார்த்தபடி சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போவாள். இரண்டு மணி நேரம் சித்தியாக இருந்துவிட்டுத் திரும்புவாள். ஜெமிமா பேசப் பழகியதும், பல் விழுந்ததும், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவளுக்குக் கேள்விப்பட்ட விஷயங்கள்.

இரண்டாயிரத்து ஐந்து நவம்பரில் டாக்டர், ஐந்து வருடம் ஆகிவிட்டது, இனி வருடத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்றார். வெளியே வந்து முதலில் கிரேசிக்குப் போன் செய்தாள். குழந்தையை எப்போது கூட்டிக்கொண்டு போகிறாய் என்று கிரேசியே கேட்டாள். அரையாண்டு லீவில் என்று பேசிக்கொண்டார்கள். அதற்குள் சொல்லிப் பழக்கிவிடுகிறேன் என்றாள் கிரேசி. அவள் குரலில் ஒன்றும் தெரியவில்லை.

லீவில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பெனிட்டா புதுப் பாவாடை சட்டையோடு போனாள். கதவு திறந்திருந்தது. உள்ளே கிரேசி ஜெமிமாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"இனிமே நான் பெரிம்மா. மண்ணூர்ல கீறாங்களே, அவங்கதான் அம்மா. எங்க, சொல்லு."

குழந்தை சொல்லவில்லை. கிரேசி திரும்பச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வதுபோல் நிதானமாக, கோபம் இல்லாமல் சொன்னாள். ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்றது ஜெமிமா.

கிரேசியின் கையில் பின்னல் பாதியில் நின்றது.

"சொல்லும்மா. இன்னா தப்பு பண்ணேன்னு என்னைய சித்திக்குக் குடுக்கற?"

பெனிட்டா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். மகளை ஒரு அழுகையிலிருந்து காப்பாற்றத்தான் அவள் எல்லாவற்றையும் செய்தாள். இப்போது தானே இன்னொரு அழுகையாக வந்து நிற்கிறாள். ஆறு வயதுப் பெண்ணிடம் இதை எப்படியும் விளக்கலாம். விளக்கினால் நாளடைவில் புரிந்துகொள்ளவும் கூடும். அதுவரைக்கும் அவள் தினமும் தன் தப்பு எது என்று தேடிக்கொண்டிருப்பாள்.

"விடுக்கா," என்றாள் பெனிட்டா.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெமிமா கிரேசியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இங்கயே இருக்கலாமா சித்தி?"

"இரு."

கிரேசி ஏதோ சொல்ல வந்தாள். பெனிட்டா வேண்டாம் என்று கையால் காட்டினாள். பிறகு பின்கட்டுக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினாள். பிற்பாடு இதைத் தியாகம் என்று சொன்னவர்கள் உண்டு. அவள் அந்தப் பேச்சுக்குத் தலையாட்டியதில்லை. ஒரு முறை ஜெபர்சனிடம் மட்டும், அவசரப்பட்டது ஒரு தப்பு, அப்புறம் தயங்கியது அதைவிடப் பெரிய தப்பு என்று சொல்லியிருக்கிறாள்.

அன்று மதியம் சாலமோனும் வந்துவிட, நாலு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பயம் விட்டுப்போன ஜெமிமா உற்சாகமாக இருந்தாள். குழம்புச் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, முதலில் பெனிட்டாவின் தட்டில் நல்ல கறித்துண்டாகப் பார்த்து வைத்தாள்.

"வெக்கப்படாம சாப்டுங்க சித்தி," என்றாள்.