மோர்டன் ஸ்டேஷன் வாசலில் சொன்ன நன்றி

ஜப்பானில் மந்திரியாக இருந்த ஒருவர் என் கையால் புட்டு சாப்பிட்டிருக்கிறார் என்றால் கோவிலில் ஒருத்தரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். லண்டனில் படிக்க வந்த காலத்தில் எங்கள் மோர்டன் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருந்தவர் அவர். தட்டில் ஒரு பருக்கை விட்டாலும் அவர்கள் பழக்கத்தில் மரியாதைக் குறைவு. விருந்தாளியின் தட்டு வெறுமையாகக் கிடந்தால் எங்களுக்கு மரியாதைக் குறைவு. நான் போடப் போட அவர் வழித்துச் சாப்பிட்டார். அவர் வழிக்க வழிக்க நான் போட்டேன். கடைசியில் என் கணவர்தான், "அந்தப் பொடியன் செத்துப்போகப் போறான், விடும்" என்று என் கையைப் பிடித்தார்.

நாட்டுக்குத் திரும்பியவர் தேர்தலில் நின்று தோற்றார். அடுத்த முறையும் தோற்றார். பிறகு வென்று பாராளுமன்றம் போனார், மந்திரியும் ஆனார். மந்திரிசபையை மாற்றியபோது பதவி போனது. அடுத்த தேர்தலில் ஆசனமும் போனது. அதையும் அவரே போனில் சிரித்தபடி சொன்னார்.

இந்த முறை கவுன்சில் தேர்தலில் என் மனுசனும் நின்றார், தோற்றார். தோற்றது எனக்குப் பெரிய கவலையில்லை. ஆனால் அதன்பிறகு திரைச்சீலையைத் திறக்க விடமாட்டேன் என்றார். கடைக்கும் போகவில்லை, கோவிலுக்கும் வரவில்லை. சாப்பாட்டைக் கிள்ளிவிட்டு எழும்பிவிடுவார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஆட்கள் உண்டு. இவரோ ஒட்டிய மண்ணைத் தட்டிவிடவே மறுத்தார். இப்படியே முடங்கிப்போய்விடுவாரோ என்று உண்மையாகவே பயந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்த ஜப்பான் மனிதர் லண்டன் வந்தார். தனியாக ட்யூப் ரயிலில் வந்து இறங்கி, எங்கள் மேசையில் அமர்ந்து, என் கணவரிடம் இங்கிலிஷில் கேட்டார்: "முடிவு வந்த பிறகு எங்கே நின்று நன்றி சொன்னீர்கள்?"

"தோத்தவன் என்னத்துக்கு நன்றி சொல்லோணும்?" என்று இவர் தமிழில் என்னை முறைத்தார். நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன்.

"நான் தோற்றபோதெல்லாம் மறுநாள் காலையில் ஸ்டேஷன் வாசலில் நின்று குனிந்தேன். எனக்கு வாக்களித்தவர்களும் அந்த ரயிலுக்குத்தானே வருவார்கள்? அவர்கள் என்ன பிழை செய்தார்கள்?"

சொல்லிவிட்டு விருந்தாளி தட்டை வழித்தார். நான் போட்டேன்.

மறுநாள் விடிய என் மனுசன் சவரம் செய்து, கோட்டும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். மூன்று பேருமாக மோர்டன் ஸ்டேஷனுக்குப் போனோம். வேலைக்கு ஓடுகிற சனம். விருந்தாளி இடுப்பை மடித்துக் குனிய, இவர் பக்கத்தில் நின்று கைகூப்பினார். முதலில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு கோவிலில் காண்கிற ஒரு பெண் நின்றாள்.

"அண்ணை, வெண்டிட்டியளோ?"

"இல்லைத் தங்கச்சி, தோத்துப்போனன். வோட்டுப் போட்ட சனத்துக்கு நன்றி சொல்ல வந்தனான்."

அவள் முகம் சுருங்கியது. "ஐயோ அண்ணை, நான் உங்களுக்குப் போடேல்லையே."

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர், அத்தனை நாளுக்குப் பிறகு, வாய்விட்டுச் சிரித்தார்.

"பரவாயில்லை. ஆருக்கோ போட்டனீங்கள்தானே, அதுக்கும் நன்றி."

என்ன பேசினார்கள் என்று விளங்காவிட்டாலும் விருந்தாளி அவளுக்கும் ஒருமுறை நன்றாகக் குனிந்தார். பதவி போன அந்த மனிதருக்கு ஆயுளுக்கும் நான் கடமைப்பட்டவள்.

வீட்டுக்கு வந்ததும் இவர் திரைச்சீலையைத் திறந்துவிட்டுச் சாப்பிட இருந்தார். தட்டு வெறுமையானது. நான் கேட்காமலே போட்டேன். இந்த முறை 'விடும்' என்று அவர் சொல்லவில்லை.