சிவப்புக் குறியும் பதினோரு ஆணிகளும்

போன வருடத்துக்கு முந்தின வருடம், பொங்கல் முடிந்த மறுவாரம், முடிச்சூரில் நடந்தது இது. தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாகப் படப்பை வரை லைட் ரயில் விட முடியுமா என்று பார்க்கும் ஆரம்ப வேலை நடந்துகொண்டிருந்தது. நான் அதில் சர்வேயர். மேடு பள்ளம் அளப்பதில் எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். யாரும் கேட்காமலேயே இதைச் சொல்லிக்கொள்ளும் ரகம் நான் என்று என் மனைவி சொல்வாள். சரியாகத்தான் சொல்கிறாள்.

உயரம் அளக்கும் வேலையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கொஞ்ச தூரத்துக்கு ஓர் இடம் என்று, அசையாத கல் ஒன்றிலோ படி ஒன்றிலோ சிவப்பு பெயிண்டால் ஒரு அம்புக்குறியும் எண்ணும் போட்டு வைப்போம். அந்த இடத்தின் உயரத்தை ஒருமுறை துல்லியமாகக் குறித்துக்கொண்டால், அடுத்த நாள் அளவை அங்கிருந்து தொடங்கலாம். அந்தக் குறிக்கு அதைத் தவிர வேறு வேலை கிடையாது.

மெயின் ரோட்டில் பாதி இடத்தில் கால்வாய்க்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். குறி வைக்க நல்ல கல் ஒன்றும் கிடைக்கவில்லை. பக்கத்துத் தெருவில் மூன்றாவது வீட்டில் அகலமான சிமெண்ட் படி ஒன்று கண்ணில் பட்டது. கேட் பூட்டியிருந்தது, படி கேட்டுக்கு வெளியே இருந்தது. வேறென்ன வேண்டும்? பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன், போட்டேன், கிளம்பினேன்.

ஆறு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சரிபார்ப்பதற்காக மறுபடி அங்கே போனோம். நானும், அளவுகோல் பிடிக்கும் என் சக ஊழியரும். குறியைக் காணோம். அழித்திருந்தால்கூடப் பரவாயில்லை, படி அதே உயரத்தில் இருந்திருக்கும். ஆனால் படி முழுக்க இரண்டு விரல் கனத்துக்குப் புதிதாகச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். எங்கள் இரண்டு நாள் வேலை அந்தப் பூச்சுக்குள் போய்விட்டது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. கேட்டைத் தட்டினேன். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கழுத்தில் இன்ச் டேப்போடு வந்தார். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொடுப்பவர் என்பது பிறகு தெரிந்தது. "ஏம்மா, இது அரசாங்க வேலை தெரியுமா? யாரைக் கேட்டு இதுமேல சிமெண்ட் பூசினீங்க?" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

அவர் பதில் சொல்வதற்குள் எதிர்வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். "இன்னா சார், நீ பாட்டுக்கு பெயிண்ட் அட்ச்சிட்டு போய்க்கினே இருப்ப. வூட்டை வுட்டுட்டு நாங்க எங்க போறது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டை ஏன் விட வேண்டும்?

அந்தப் பெண்தான் சொன்னார். சத்தம் போடாமல் சொன்னார். "நீங்க பெயிண்ட் அடிச்ச அன்னிக்கு நாங்க ஒரு நிக்காஹ்வுக்குப் போயிருந்தோம் சார். வந்து பார்த்தா வாசல்ல செவப்பா நம்பர். ரோடு அகலப்படுத்தினப்போ இப்படித்தான் நம்பர் போட்டாங்க, அப்புறம் ஜேசிபி வந்துச்சு. அன்னியிலேர்ந்து இந்த வீட்ல யாரும் ஒழுங்கா சாப்பிடல."

அதற்குள் ஒரு வீட்டுத் தரகருக்கு மூக்கில் வியர்த்திருக்கிறது. நம்பர் விழுந்த வீட்டை எவனும் வாங்க மாட்டான், நஷ்ட ஈடு எப்போது வருமோ தெரியாது, என்னிடம் ஒரு பார்ட்டி இருக்கிறது, அவர் பார்ப்பதற்குள் குறியை மறைத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பாதி விலை. வியாழக்கிழமை அட்வான்ஸ் வாங்குவதாகப் பேச்சு. 2015 வெள்ளத்தில் சாமானெல்லாம் போன பிறகு, புருஷனும் பெண்டாட்டியுமாக அறை அறையாகச் சரிசெய்து எடுத்த வீடு அது. கணவருக்கு மறைமலை நகரில் வேலை. விடியற்காலையில் இரண்டு பஸ் மாறிப் போகிறவர்.

"ரயில் வேணும்னு மனு குடுத்தப்போ வீடு வீடாப் போய் கையெழுத்து வாங்கினதே நான்தான் சார்" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது.

எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. நான் போட்டது அரை நிமிட வேலை. அதற்காக ஒரு குடும்பம் வீட்டை விற்கத் துணிந்திருக்கிறது. நானோ வந்ததும் வராததுமாக அவரையே திட்டியிருக்கிறேன்.

டேப்லெட்டில் வரைபடத்தைத் திறந்து காட்டினேன். பாதை மெயின் ரோட்டின் நடுவில் போகிறது, ஸ்டேஷன் அந்த மெயின் ரோட்டின் முனையில் வருகிறது, இந்தத் தெருவில் ஒரு செங்கல்லைக்கூடத் தொடப் போவதில்லை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "இதை எழுதிக் குடுப்பீங்களா?" என்றார்.

"எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா."

"பெயிண்ட் அடிக்க மட்டும் அதிகாரம் இருக்கா?"

அனுபவம் இருபத்திரண்டு வருடம். இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. போனை எடுத்து, நிலம் எடுப்பைப் பார்க்கும் எங்கள் மேலதிகாரியை அழைத்தேன். என் தவறை மறைக்காமல் சொன்னேன். ஒரு வாங்கு வாங்கிவிட்டு, மறுநாள் காலையில் தானே நேரில் வருவதாகச் சொன்னார்.

"உள்ள வந்து உக்காருங்க சார், டீ போடறேன்" என்றார் அந்தப் பெண். அவ்வளவு கத்திவிட்டு அந்த டீயைக் குடிக்கக் கூச்சமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல அதைவிடக் கூச்சம். ஹாலில் உட்கார்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன், அந்த வீட்டில் பிளக் பாயிண்ட் எல்லாம் என் கழுத்து உயரத்தில் இருந்தன. ஃபிரிட்ஜின் ஒயர் தோரணம் மாதிரி மேலே ஏறிப்போனது. சூழ்நிலையைக் கொஞ்சம் இலகுவாக்கலாம் என்று, "எலக்ட்ரீஷியன் ரொம்ப உயரமான ஆளோ?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சுவரில் ஒரு ஆணியைக் காட்டினார். ஒன்றும் மாட்டாத, துருப்பிடித்த ஆணி. "பதினஞ்சு வெள்ளத்துல தண்ணி அதுவரைக்கும் நின்னுச்சு சார். வடிஞ்சதும் வீட்டுக்காரர் கோடு மறையறதுக்குள்ள ஆணி அடிச்சாரு. ஆணிக்குக் கீழ கரண்ட் வைக்கக் கூடாது, ரேஷன் கார்டு, சர்டிபிகேட் எதுவும் வைக்கக் கூடாது. இந்தத் தெருவுல எல்லா வீட்லயும் ஆணி இருக்கு."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் வரைபடத்தில் வெள்ள மட்டம் என்று ஒரு எண் உண்டு. பழைய அறிக்கை ஒன்றிலிருந்து நாங்கள் எடுத்துப் போட்டது. அதை நம்பித்தான் ஸ்டேஷனின் மின்சார அறையைத் தரைத்தளத்தில் வைத்திருந்தோம். பையிலிருந்து டேப்பை எடுத்து, தரையிலிருந்து ஆணி வரை அளந்தேன். வாசல் படியின் உயரத்தோடு சேர்த்து மனக்கணக்கு போட்டேன். ஆணி சொல்வது உண்மை என்றால், அந்த மின்சார அறை அடுத்த பெருவெள்ளத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நிற்கும். ஜனங்களுக்கு ரயில் மிகவும் தேவைப்படுகிற அன்றைக்குப் பார்த்து ரயில் நின்றுபோகும்.

மறுநாள் மேலதிகாரி வந்தார். எந்தெந்த சர்வே எண்களில் நிலம் எடுக்கிறோம் என்ற பட்டியலோடு, இந்தத் தெரு அதில் இல்லை என்று கையெழுத்திட்ட கடிதமும் கொண்டுவந்தார். எதிர்வீட்டுக்காரர் அதை உரக்கப் படித்தார், இரண்டு தடவை. அந்தப் பெண் அதே இடத்தில் நின்றபடி தரகருக்கு போன் போட்டு, "நாளைக்கு வர வேணாம்ண்ணா, நாங்க விக்கல" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஷிஃப்ட் மாற்றிப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்த அவர் கணவர், என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குத்தான் அழுகை வரப் பார்த்தது.

அன்றைக்கு நாங்கள் கிளம்பவில்லை. மெயின் ரோட்டில் இருந்த முந்தைய குறியிலிருந்து அளவை மறுபடி தொடங்கி, அந்தத் தெருவில் வீடு வீடாக ஆணிகளை அளந்தோம். அந்தப் பெண்தான் முன்னால் போய் ஒவ்வொரு கதவையும் தட்டி, "பயப்படாதீங்க, ஆணி பாக்க வந்திருக்காங்க" என்று சொன்னார். பூஜை அறையில் ஒன்று, மாடிப்படிக்கு அடியில் ஒன்று, பீரோவுக்குப் பின்னால் ஒன்று. பீரோவை நகர்த்த நானும் தோள் கொடுத்தேன். மொத்தம் பதினோரு ஆணிகள். யாரும் யாரையும் கேட்டு அடித்தவை இல்லை. ஆனால் பதினொன்றும் ஒரு விரல் வித்தியாசத்துக்குள் ஒரே மட்டத்தில் நின்றன. அந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் சர்வேயர்களுக்கு மட்டுமே புரியும். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு லெவல் மிஷினில் பார்க்கச் சொன்னேன். கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "என் ஆணி கரீட்டா கீதா சார்?" என்று கேட்டார். "என் குறியைவிட கரெக்டா இருக்கு" என்றேன்.

அந்தப் பதினோரு அளவுகளையும் அறிக்கையில் சேர்த்தேன். யார் வீட்டு ஆணி என்பதையும் எழுதினேன். ஆபீஸில் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களை முடிச்சூருக்குக் கூட்டிப்போய் பீரோவை நகர்த்தச் சொன்னேன். இப்போதைய வரைபடத்தில் மின்சார அறை முதல் மாடியில் இருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் நான்கு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும், வயதானவர்களுக்காகப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதையும் உண்டு.

ரயில் இன்னும் வரவில்லை. மண் பரிசோதனை இயந்திரம் வந்து மெயின் ரோட்டில் துளை போடத் தொடங்கியிருக்கிறது. போன மாதம் அது சம்பந்தமாகப் போனபோது அந்தத் தெருப் பக்கம் எட்டிப்பார்த்தேன். அந்த வீட்டுக்கு மேலே ஒரு அறை எழும்பிக்கொண்டிருந்தது. கேட்டைத் தூணோடு சேர்த்துப் புதிதாகப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஆணிகளை அளந்த அன்று அவர்கள் சம்மதத்தோடு தூணின் அடியில் நான் போட்ட சிவப்புக் குறி இருந்த இடத்தில் மட்டும், உள்ளங்கை அளவுக்குப் பச்சை படாமல் விட்டிருந்தார்கள். அதற்கு மேலே, தையல்காரர்கள் துணியில் கோடு போடும் சாக்பீஸ் மாதிரி ஏதோ ஒன்றால், "உயரம் பார்க்க மட்டும். பயப்பட வேண்டாம்" என்று எழுதியிருந்தது.

அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய அந்த இரண்டு வரியை எனக்குப் பதிலாக அவர் எழுதி வைத்திருக்கிறார். இப்போதெல்லாம் எந்த ஊரில் வேலை என்றாலும், பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் நான் காலிங் பெல்லை அழுத்துகிறேன். கதவு திறந்ததும் முதலில் அந்த இரண்டு வரியைச் சொல்கிறேன், அப்புறம் உங்கள் வீட்டு ஆணி எங்கே இருக்கிறது என்று கேட்கிறேன்.