வாய்க்கூடு

எங்கள் பக்கத்தில் பத்தியம் இருப்பதை வாயைக் கட்டுவது என்பார்கள். அந்தச் சொல்லின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

செம்பட்டிக்குத் தெற்கே அண்ணனின் தோட்டம். அவரை, கொத்தவரை, கத்தரி, வரப்போரம் முருங்கை. இவ்வளவு காய் விளைகிற வீட்டில் அப்பா கோதுமைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மதியம் மட்டும் ஒரு கையளவு சோறு, அதன்மேல் ரசம். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எதுவும் கிடையாது. சர்க்கரை வந்ததிலிருந்து இப்படித்தான். தொட்டியடியில் தலைசுற்றி விழுந்தார் என்று ஃபோன் வந்து நான் ஓடிப்போனபோது, தூக்கி உட்காரவைத்த தோள் கம்பு மாதிரி இருந்தது.

மதினியிடம் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருந்தாள். கத்தரிக்காய் அரிக்கும். முருங்கை சூடு. மொச்சை வாயு. முட்டை இந்த வயசுக்குச் செரிக்காது. கிழங்கு வாசம்கூட ஆகாது. எல்லாம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவரும், கல்யாண வீட்டில் பார்த்த தூரத்துச் சொந்தமும், வாட்ஸப்பும் சொன்னது. ஊரே கூடி ஒரு கிழவனின் தட்டிலிருந்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அத்தனையும் அக்கறையில். திட்டக்கூட ஆள் இல்லாத அக்கறை.

சர்க்கரைக்கு முதலில் அண்ணன் காட்டிய திண்டுக்கல் டாக்டரிடமே கூட்டிப்போனேன். மாத்திரை அப்படியே இருக்க, சாப்பாடு இப்படிக் குறைந்தால் மயக்கம் வராமல் என்ன செய்யும் என்றார். சோற்றைக் குறைத்து, காயையும் முட்டையையும் கூட்டச் சொன்னேனே என்றார். அண்ணன் அன்றைக்குப் பாதிப் பேச்சைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறான். குறைக்கச் சொன்னது வீடு வந்து சேர்ந்தது. கூட்டச் சொன்னது ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்விட்டது.

திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

"கடலைக் காட்டுக்குள்ள ஏரு ஓட்டுனா, மேஞ்சிரக் கூடாதுன்னு மாட்டு வாய்க்குக் கூடு கட்டுவோம்ல. ஏர அவுத்ததும் கூட்டையும் அவுத்துருவோம் தாயி."

வழியெல்லாம் நான் பல்லைக் கடித்தபடியே வந்தேன்.

வாசலில் லோடு வண்டி நின்றது. அண்ணன் அவரைக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். ஒரு மூட்டையைக் கீழே இழுத்தேன். அதன் வாயும் சணல் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்த்தேன்.

"எடை போட்ட மூட்டை புள்ள அது."

"அப்பாவ எடை போட்டியா?"

நான் மடி நிறைய அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். நார் உரிக்கத் தெரியாதவள் மாதிரி கோபத்தில் காயைப் பிய்த்தேன். மதினி வந்து வாங்கிக்கொண்டாள். பல் இல்லையே, எப்படி மெல்லுவார் என்றாள்; குத்தலாக இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். பருப்போடு குழைய வேகவைத்து மத்தால் மசித்தோம். முட்டையைப் பொடிப்பொடியாகக் கிளறினோம்.

அப்பா சாப்பிடுவதை மதினி பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டு நின்றாள், அப்போதே எங்காவது தடித்துவிடும் என்பது போல. அவர் நிதானமாகத் தட்டை வழித்தார். அவளிடம் நீட்டினார்.

"இன்னும் செத்த வெஞ்சனம் வையி ஆத்தா."

நாளைக்கு நான் ஊருக்குப் போய்விடுவேன். கரண்டி அவள் கையில். அவள் கொஞ்சம் வைத்தாள். அப்புறம் இன்னும் கொஞ்சம்.

வெளியே வண்டிக்காரர் அவசரப்பட்டார். அண்ணன் சணலோடு வந்து எட்டிப்பார்த்து, அந்த மூட்டையைக் கட்டட்டுமா என்று என்னைக் கேட்டான்.

"அவுந்தே கெடக்கட்டும்" என்றாள் மதினி.