இலுப்பைக் காய் பெருத்தால் மட்டும் போதாது

போன பௌர்ணமிப் போயா விடுமுறையில் மட்டக்களப்பிலிருந்து கிண்ணியாவுக்குப் போய் வந்தேன். கடல் பார்க்கப் போனேன், நண்பி வீட்டுக்குப் போனேன் என்று எழுதலாம். உண்மைக் காரணம் பொறாமை. அதற்கு வேறு ஏதாவது நல்ல பெயர் கிடைக்குமா என்று வாகரை வரைக்கும் யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பர்ஸானாவும் நானும் ஆசிரியர் கலாசாலையில் ஒரே அறை. பரீட்சையில் அவள் முதலாவது, நான் இரண்டாவது. இப்போது இரண்டு பேரும் விஞ்ஞானம் படிப்பிக்கிறோம், இரண்டு பேர் வளவிலும் ஒவ்வொரு இலுப்பை மரம் நிற்கிறது, இரண்டு பேரும் எண்ணெய் எடுக்கிறோம். அவளுடைய வட்ஸ்அப்பில் போத்தல் போத்தலாக மஞ்சள் எண்ணெய். எனக்குப் போன வருடம் ஒரு சாக்குக் கொட்டைக்கு ஒன்றரைப் போத்தல்தான் வந்தது. கொழும்பில் சவர்க்காரம் செய்யும் ஒரு மனுசி எங்கள் இருவரிடமும் மாதிரி கேட்டிருந்தா. நல்ல எண்ணெய் தருகிறவருக்கு வருடம் முழுக்க வேலை. இந்த முறை நான்தான் முந்துவது என்று முடிவெடுத்து, புறப்படுவதற்கு நாலு நாள் முன்னர் ஆளை ஏற்றி என் மரத்துக் காய் முழுவதையும் பறித்துவிட்டேன். வௌவால் வாய் வைக்க முன்னரே! அவள் மரத்தில் என்ன மாயம் என்று பார்க்கத்தான் பயணம். என் மரத்துக் கொட்டை மூன்றைக் காட்டிப் பெருமையடிக்கக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

காலை 6.15 பஸ். கட்டணம் 520 ரூபாய், தூரம் 115 கிலோமீற்றர் அளவில். வெருகல் தாண்டியதும் வலப்பக்கம் உட்காருங்கள், வெயில் முகத்தில் அடித்தாலும் காற்று வரும். மூதூர் கழிந்ததும் நடத்துநர் என்னிடம் வந்தார்.

“அக்கா, கிண்ணியாவில எங்க இறங்கப்போறியள்?”

“பாலத்துக்கு இங்கால.”

“அப்ப இப்பவே முன்னுக்கு வந்து நில்லுங்க. பாலம் ஏறினா நிப்பாட்ட ஏலாது.”

9.50க்கு இறங்கினேன். அங்கிருந்து ஓட்டோவுக்கு 250 ரூபாய்.

பர்ஸானாவின் மரத்தைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. என் மரத்தைவிடச் சிறியது! அடியில் பழைய மீன்வலையை நாலு கம்பில் கட்டி விரித்திருந்தாள். கைக்கெட்டும் கிளைகளில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று தையல் நூல் தொங்கியது.

“என்னடி இது, நேத்திக்கடனா?” என்றேன்.

“போ புள்ள. பூத்த கிழமையை மறந்திருவன் எண்டு கட்டினனான். சிவப்பு முதல் பூத்தது. நீலம் நாலு கிழமை பிந்தினது. மஞ்சள் கடைசி.”

ஒவ்வொரு நிறத்திலும் ஒரு காய் பறித்துப் பிளந்தாள். நீலமும் சிவப்பும் அளவில் ஒன்றுதான், சத்தியமாக என் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. பருப்பை எடுத்துக் கொப்பித்தாளில் அழுத்தித் தேய்த்து வெயிலில் வைத்தாள். மூன்று ஈரப் பொட்டு. ஐந்து நிமிடத்தில் மஞ்சள் நூலின் பொட்டு வெறும் தண்ணீராய்க் காய்ந்து காணாமல் போனது. நீலம் மங்கலாக நின்றது. சிவப்பு மட்டும் தாளின் மறுபக்கம் தெரியும் அளவுக்குப் பளபளத்தது.

“காய் பெருக்கிறதும் பருப்புக் கொழுக்கிறதும் ரெண்டு வேலை,” என்றாள். “முதல்ல தண்ணியாலதான் பெருக்கும். அளவு சரியானாப் பிறகுதான் இலையில இருந்து வாற சீனியை உள்ளுக்கு எண்ணெயாக்கிச் சேர்க்கும். தண்ணி குறையக் குறைய எண்ணெய் ஏறும். முளைக்கப்போற கன்றுக்குக் கட்டுச்சோறு. நான் ஒண்டும் பறிக்கிறல்ல. வௌவால் பழத்தைத் திண்டுபோட்டு வலையில போடுற கொட்டைதான். அதுக்குத்தான் தெரியும், எது பழுத்தது எண்டு.”

இதைப் பாடப்புத்தகத்தில் நானும்தான் படிப்பிக்கிறேன். அவள் நூல் கட்டினாள், நான் ஆளை ஏற்றினேன். அப்போது அவளைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, அந்த நூலையெல்லாம் அறுத்தெறியவும் தோன்றியது. இரண்டாவதுதான் கூடுதலாகத் தோன்றியது.

சாப்பாடு போட்டாள். மீன் ஆணம், வாழைக்காய்ப் பொரியல். எனக்கு இரண்டாம் முறை சோறு போடும்போது சொன்னாள்:

“கொழும்பு மனுசிட்டக் கதைச்சனான். என்ட மரம் மட்டும் காணாது. உன்ட மரம் பெருசுதானே, ரெண்டு பேரும் சேர்ந்து தாறம் எண்டு சொல்லிட்டன். உன்ட காயில கை வெச்சிராத, இன்னும் ஒரு மாசம் பொறு. சரியா?”

“ஓம்,” என்றேன்.

இரண்டு மணிக்கு அங்கிருந்து வெளிக்கிட்டேன். பாலம் கடந்து திருகோணமலை நகருக்கு பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். துறைமுகத்தைப் பார்த்த மதிலில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்த கொட்டை ஒன்றைக் கல்லால் உடைத்து, பஸ் ரிக்கற்றின் வெள்ளைப் பக்கத்தில் பருப்பைத் தேய்த்தேன். துறைமுகத்தில் ஒரு கப்பல் அசையாமல் நின்றது. நல்ல காற்று. ஈரம் காய்ந்து தாள் பழையபடி வெள்ளையானது. மற்ற இரண்டையும் உடைத்துப் பார்த்தேன். அதே கதைதான்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். மட்டக்களப்புக்குத் திரும்பும் பஸ்ஸை முதலே விசாரித்து வையுங்கள், பின்னேரத்தில் குறைவு. போயா நாளில் கடைகள் பல பூட்டு, தண்ணீர் கொண்டு போங்கள். இலுப்பை வைத்திருப்பவர்கள் பூக்கும்போதே நூல் கட்டுங்கள், தாளில் தேய்த்துப் பாருங்கள், வௌவாலைத் துரத்தாதீர்கள். மரத்தில் இருந்து பறித்த காயில் அதன்பிறகு எண்ணெய் ஏறாது. பக்கத்து வளவுக்காரி முந்திவிடுவாள் என்று மட்டும் காயில் கை வைக்காதீர்கள்.

பர்ஸானா என் பதிவுகளை முதலாவதாக வாசிக்கிறவள். அதிலும் அவள்தான் முதல். தொலைபேசியை எடுத்து எடுத்து வைத்ததுதான் மிச்சம், ஆகவே இங்கேயே எழுதுகிறேன். அடியே, கை வைக்காதே என்று நீ சோறு போட்டுக்கொண்டே சொன்னபோது, என் மரத்தில் ஒரு காயும் இருக்கவில்லை. உன்னை முந்தத்தான் பறித்தேன்.