மூன்றாவது காற்று வாய்

ஷெட்டுக்குள் எந்த வண்டி நுழைந்தாலும் முனியராஜ் முதலில் போவது அதன் பின்பக்கத்துக்குத்தான். குந்தி உட்கார்ந்து, சைலன்சர் வாயில் விரலை விட்டுத் துழாவி, ஒட்டிவரும் கரியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முன்னால் பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருப்பவர் பொறுமையிழந்து கனைத்தால், "செத்த இருங்க. வண்டி இங்கனதான் பேசும்" என்பார்.

நாரணாபுரம் சாலையில் இருக்கிறது அவருடைய மெக்கானிக் ஷெட். பட்டாசு லோடு ஏற்றும் வேன்களின் சைலன்சரில் பொறி தடுக்கும் வலை மாட்டுவது அவருக்குப் பாதிப் பிழைப்பு. மீதிப் பிழைப்பு கார்கள். பழுதை விளக்க வார்த்தை போதாது அவருக்கு. உதட்டாலேயே இன்ஜினை ஓட்டிக் காட்டுவார். "புர்ர்ருன்னு வரணும். உங்க வண்டி கொர்ரு கொர்ருங்குது, கேட்டீகளா?" கல்யாணப் பந்தியில் ஒருமுறை இப்படி ஓட்டிக் காட்டியதில், பக்கத்து இலைக்காரர் சட்டையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மனைவி மாடத்தி பட்டாசு கம்பெனியில் திரி சொருகும் வேலைக்குப் போகிறாள். அதனால் பொறி என்று யாராவது விளையாட்டுக்குச் சொன்னால்கூட மனிதர் முகம் சுண்டிப்போகும். சிரிக்க வைக்க எவ்வளவோ விஷயம் உண்டு, இது மட்டும் ஆகாது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜப்பான் கார் வந்தது. கொண்டுவந்தவர் தாயில்பட்டிப் பக்கம் மக்காச்சோளம் போடும் சுந்தரபாண்டி. கோயம்புத்தூரில் பந்தயம் ஓட்டும் ஒருவரிடம் ஆசைப்பட்டு வாங்கிய பழைய கார். முப்பது வருடத் தொழிலில் முனியராஜ் கண்டிராத இன்ஜின் அது. பிஸ்டனே கிடையாது. முக்கோணமாக ஒரு கட்டை அறைக்குள் சுற்றுகிறது. அப்படி இரண்டு அறைகள். எட்டு நாள் அதைப் பிரித்துப் பிரித்து மாட்டினார், சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அவரை மயக்கியது அது காற்று குடிக்கும் விதம். ஒவ்வொரு அறைக்கும் மூன்று காற்று வாய்கள். மெதுவாக ஓடும்போது மூன்றாவது வாய் மூடியே இருக்கும். வேகம் ஏறி, புகைக்குழாயில் அழுத்தம் கூடினால்தான் வெளியே இருக்கும் ஒரு சின்ன லீவர் நகர்ந்து, உள்ளே ஒரு மூடி சுழன்று, அந்த வாய் திறக்கும். டீக்கடையில் அவர் சொன்ன விளக்கம் இன்னும் சுருக்கம்: "நடக்கையில மூக்கால மூச்சு விடுதோம். ஓடுனா வாயத் தொறந்துருவோம்லா? அம்புட்டுதான் சங்கதி."

வண்டியைத் தயார் செய்து கொடுத்த வாரம், சுந்தரபாண்டி அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தன் மக்காச்சோளக் காட்டுக்கு ஓட்டிப் போனார். காட்டின் வேலியருகே முனியராஜ் இறங்கி நிற்க, சுந்தரபாண்டி ஆசைக்கு ஒரு தடவை விரட்டிக் காட்டிவிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். சைலன்சரிலிருந்து ஒரு முழத்துக்கு நீலமாகத் தீ பாய்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாகப் பட்டாசு ஷெட்டுகள். முனியராஜ் அந்த ஷெட்டுகளையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். சுந்தரபாண்டியோ, "பாத்தீகளா அண்ணாச்சி!" என்று குழந்தைபோலச் சிரித்தார்.

முனியராஜ் இந்த சைலன்சரிலும் பொறி தடுக்கும் வலை மாட்டிப் பார்த்தார். அந்தச் சூட்டில் இரண்டே நாளில் உருகிவிட்டது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய அப்பா சுந்தரபாண்டி வீட்டுக் காட்டில்தான் கூலிக்கு உழுதார். அந்த வீட்டுப் பிள்ளை தன்னை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறார். அவர் ஆசையாக வாங்கிய காரை இப்படி ஓட்டாதீர்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? அடுத்த தடவை ஆயில் மாற்ற வந்தபோது, மூன்றாவது வாயின் லீவர்களைக் கட்டுக்கம்பியால் இறுகக் கட்டிவிட்டார். எவ்வளவு மிதித்தாலும் வண்டி இனி சீறாது, தீயும் பாயாது. "என்ன அண்ணாச்சி, மந்தமா இருக்கு?" என்று கேட்டவருக்கு, "வயசான வண்டி தம்பி, மெதுவாவே போங்க" என்று பதில் சொன்னார். சுந்தரபாண்டி நம்பினார். மூன்று வருடமும் மெதுவாகவே போனார்.

போன மாதம் வண்டி கிளம்பவே இல்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே எல்லாம் கரி. மூடிகள் ஒட்டிக்கிடந்தன, முக்கோணத்தின் முனையில் இருக்கும் சீல்கள் இறுகி உடைந்திருந்தன. கோயம்புத்தூர் மெக்கானிக் ஒருவருக்குப் போன் போட்டபோது அவர் கேட்ட முதல் கேள்வியே, "வெரட்டி ஓட்டுனீங்களா?" என்பதுதான். "இது ஆயிலைக் குடிச்சுட்டு ஓடுற இன்ஜினுங்க. தெனம் ஒருக்கா மீட்டர் முள்ளு சிவப்புக் கோட்டைத் தொடுற வரைக்கும் வெரட்டோணும். இல்லீன்னா கரி புடிச்சுச் செத்துப்போயிருமுங்க. இனி மாத்தறதுக்குச் சாமானும் கெடைக்காதுங்க."

முனியராஜ் போனை வைத்தார். விருதுநகர் போகும் நாலுவழிச் சாலை இருக்கிறது. அங்கே போய் ஆசைதீர விரட்டிவிட்டு, ஷெட்டுகள் பக்கம் மட்டும் மெதுவாக வாருங்கள் என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. வண்டியும் பிழைத்திருக்கும், பட்டாசு ஷெட்டுகளுக்கும் பயமில்லை. ஒரே ஒரு பேச்சு. அதைப் பேசத் துணியாமல், தான் கொண்டாடிய இன்ஜினைத் தானே மூச்சுமுட்ட வைத்துக் கொன்றுவிட்டதை நினைத்து நினைத்துக் குமைந்தார்.

"சொல்லிப்புடுங்க" என்றாள் மாடத்தி. "அவுக வண்டிக்கு வயசாச்சுன்னே நெனச்சுக்கிட்டு இருக்காக, பாவம்."

"சொன்னா இனி இங்கன வரமாட்டாருடி."

"வராட்டிப் போறாக. தூக்குல வச்சது வச்சபடி திரும்பி வருது, நீங்க சோறு திங்கணும்லா?"

இந்த வாரம் இழுவை வண்டி வந்தது, காரைப் பழைய இரும்புக்குக் கொண்டுபோக. சுந்தரபாண்டியும் வந்தார். கடைசியாக ஒரு தடவை இன்ஜினைப் பார்க்க வேண்டும் என்று பானெட்டைத் திறந்தார். "நீங்க இல்லேன்னா அண்ணாச்சி, இது என்னைக்கோ நின்னிருக்கும்" என்றார், முனியராஜின் தோளைத் தொட்டு.

"தம்பி, நான்தான் நிப்பாட்டுனேன்" என்றார் முனியராஜ். தீ பாய்ந்ததில் தொடங்கி, லீவரைக் கட்டியது, பொய் சொன்னது, கோயம்புத்தூர்க்காரர் சொன்னது வரை அத்தனையும் சொன்னார்.

சுந்தரபாண்டி இன்ஜினையே பார்த்துக்கொண்டு கேட்டார். திட்டுவார் என்று முனியராஜ் காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டிருப்பேனே மெக்கானிக்" என்றார் அவர்.

பானெட்டை மூடுவதற்கு இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். முனியராஜ் தன் கையை இழுத்துக்கொண்டார். சுந்தரபாண்டியே மூடினார். கரியோ எண்ணெயோ எதுவும் ஒட்டியிராத, தான் இழுத்துக்கொண்ட அந்தக் கையை, இழுவை வண்டி சாலையில் ஏறித் திரும்பும்வரை, முனியராஜ் தன் கைலியில் துடைத்துக்கொண்டே நின்றார்.